உடையார்பாளையம் பதில் சொல்லவில்லை

மூன்று மருத்துவமனைகளும் ஒரே டாக்டரம்மாவுடையவை. பெரம்பலூரில் இருப்பது பெரியது, அவரே கட்டியது. அரியலூரில் இருப்பது அவருடைய கணவர் வீட்டார் நடத்தி வந்தது. உடையார்பாளையத்தில் இருப்பது சின்னது. அங்கே இருந்த பழைய டாக்டர் ஓய்வு பெறும்போது இவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார். மூன்றிலும் கம்ப்யூட்டர் இருந்தது, மூன்றிலும் நோயாளிகளின் விவரம் பதிவாகி இருந்தது. ஆனால் மூன்றையும் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு காலத்தில் செய்து கொடுத்திருந்ததால், ஒன்றில் இருப்பது மற்றதற்குத் தெரியாது. உடையார்பாளையத்தில் பத்து வருடம் வைத்தியம் பார்த்த ஆள் அரியலூர் வாசலில் வந்து நின்றால் அங்கே அவர் புது ஆள்தான். பெயர், வயது, சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

இதைச் சரிசெய்யும் வேலை எனக்கு வந்தது. நான் அப்போது சென்னையை விட்டுவிட்டு ஊர்ப்பக்கம் திரும்பி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. செட்டிகுளத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கிருந்து பஸ்ஸில் பெரம்பலூர் வந்து, ஒரு துணிக்கடையின் மாடியில் ஆறு பேர் உட்கார்ந்து கம்ப்யூட்டர் நிரல் எழுதும் அலுவலகத்தில் ஐந்தாவது மேசை என்னுடையது. எங்கள் வீட்டில் அடுத்தவர் வயலில் வெங்காயம் பிடுங்கிப் பிழைக்காத முதல் ஆள் நான்தான். சின்ன வயதில் லீவு நாட்களில் நானும் போயிருக்கிறேன். அதனால் எந்த வேலை கையில் வந்தாலும் அது போய்விடுமோ என்ற பயம் கூடவே வரும். இன்றைக்கும் அந்தப் பயம் முழுதாகப் போகவில்லை.

டாக்டரம்மாவின் முதல் கேள்வியே, "மூணையும் ஒண்ணா கொட்டிக் கலந்துட முடியாதா?" என்பதுதான்.

"முடியும் மேடம். ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் மூணு இடத்துலயும் வேலை தடுமாறும்."

"வேற வழி?"

"மூணும் அது அது இடத்துலயே இருக்கட்டும். நாம ஒரு புது திரை செய்வோம். நோயாளியோட போன் நம்பரை அடிச்சா, அது ஒரே நேரத்துல மூணு டேட்டாபேஸ்கிட்டயும் போய்க் கேக்கும். வர்ற பதிலைச் சேத்து ஒரே பக்கத்துல காட்டும்."

அவர் சற்று யோசித்தார். "எனக்கு முக்கியமா வேண்டியது ரெண்டு. என்ன நோய் இருக்கு, எந்த மருந்து ஒத்துக்காது. அது ரெண்டும் மேலேயே பெருசா தெரியணும்" என்றார்.

சொல்வதற்குச் சுலபமாக இருந்தது. உள்ளே இறங்கிய பிறகுதான் ஒவ்வொரு டேட்டாபேஸும் ஒவ்வொரு குணம் என்று தெரிந்தது. அரியலூரில் பிறந்த தேதி கிடையாது, வயதுதான் எழுதியிருந்தார்கள். நான்கு வயதில் பதிவான குழந்தை, காலேஜ் போன பிறகும் அங்கே நான்கு வயதிலேயே இருந்தது. உடையார்பாளையத்தில் பெயர்களை ஏதோ பழைய தமிழ் எழுத்துருவில் அடித்திருந்தார்கள். என் திரையில் அவை பூச்சி ஊர்ந்த மாதிரி வந்தன. பெரம்பலூரில் ஒரே போன் நம்பரில் ஏழு பேர் இருந்தார்கள். வீட்டுக்கு ஒரு போன், அதைத்தான் எல்லோரும் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொன்றாக அவிழ்த்து அவிழ்த்து நான்கு மாதம் போனது.

உடையார்பாளையத்தில் எனக்கு உதவியவர் அங்கிருந்த கம்பவுண்டர். பழைய டாக்டர் காலத்திலிருந்து மருந்து எடுத்துக் கொடுத்து, ஊசி போட்டு, கம்ப்யூட்டரிலும் அவரே இரண்டு விரலால் அடித்து வைத்தவர். எனக்கு ஒரு பெயர் படிக்க வரவில்லை என்று போன் செய்தால் நோயாளியின் நம்பரைக் கேட்டுவிட்டு, "அது முந்திரித் தோப்புக்காரர் மருமவ" என்று உடனே சொல்லிவிடுவார். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாப்பா என்பார்.

திரை ஓட ஆரம்பித்ததும் டாக்டர்கள் சந்தோஷப்பட்டார்கள், ஒரு குறையைத் தவிர. உடையார்பாளையத்தில் அடிக்கடி கரண்ட் போகும், நெட் போகும். அந்த நேரத்தில் என் நிரல் அங்கே கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்துக்கொண்டே நிற்கும். மற்ற இரண்டும் பதில் சொல்லியிருந்தாலும் திரையில் எதுவும் வராது. "சும்மா சுத்திக்கிட்டே இருக்கும்மா, ஆளு எந்திரிச்சே போயிடுறாங்க" என்று அரியலூரிலிருந்து புகார் வந்தது.

நான் அதற்கு ஒரு வழி செய்தேன். மூன்று வினாடி காத்திருக்கும். பதில் வராவிட்டால் அந்த ஊரை விட்டுவிட்டு, வந்த பதிலை மட்டும் வைத்துப் பக்கத்தைக் காட்டும். அதன் பிறகு எங்கேயும் சுற்றவில்லை. எல்லோரும் பாராட்டினார்கள். நானும் அந்த வாரம் அலுவலகத்தில் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன்.

அந்த மாற்றத்தைச் செய்த பதினேழாம் நாள் காலையில் நான் அரியலூர் மருத்துவமனையில் இருந்தேன். வயதுக் கணக்கைச் சரிசெய்வதற்காகப் போயிருந்தேன். ஊசி போடும் அறையின் மூலையில் ஒரு ஸ்டூலில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே பொறுப்பில் இருந்த சிஸ்டருக்கு ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருப்பார். நான் அங்கே போனாலே, "வந்துட்டியா, இன்னிக்கு எதைக் கழட்டப் போற?" என்பார்.

பத்து மணி வாக்கில் ஒரு கொத்தனாரை அவர் மனைவி கைத்தாங்கலாக அழைத்து வந்தார். வேலை செய்யும் இடத்தில் பலகையில் நீட்டியிருந்த ஆணி பாதத்தில் ஏறி நான்கு நாள் ஆகியிருந்தது. கால் வீங்கிச் சிவந்து பளபளவென்று இருந்தது. டூட்டி டாக்டர் பார்த்துவிட்டு, பென்சிலின் வகையில் ஓர் ஊசி எழுதியிருந்தார். சிஸ்டர் திரையில் அவர் பக்கத்தைத் திறந்தார். நான் இருந்த இடத்திலிருந்தே எனக்கும் தெரிந்தது. மேலே, டாக்டரம்மா கேட்டபடி பெரிய எழுத்தில், பச்சை நிறத்தில்: ஒத்துக்கொள்ளாத மருந்து: இல்லை.

சிஸ்டர் மருந்துக் குப்பியைக் கையில் எடுத்தார். ஆனால் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த ஊசியாக இருந்தாலும் கேட்டுவிட்டுத்தான் போடுவார்.

"முன்னாடி எந்த ஊசியாவது ஒத்துக்காம போயிருக்கா?"

கொத்தனார் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். "அதான் அதுலயே இருக்குமே சிஸ்டர்" என்று திரையைக் காட்டினார்.

"அதுல இல்லன்னுதான் இருக்கு. நீங்க வாயால சொல்லுங்க."

அவர் மனைவி நிமிர்ந்து பார்த்தார். "என்னங்க சிஸ்டர் இல்லன்னு சொல்றீங்க? உடையார்பாளையத்துல ரெண்டு வருஷத்துக்கு முந்தி இவருக்கு டெஸ்ட்டுன்னு ஒரு துளி போட்டாங்க. அந்தத் துளிக்கே மொவமெல்லாம் வீங்கி மூச்சு அடச்சுக்கிச்சு. இனிமே இந்த மருந்து ஆவாதுன்னு எழுதி வச்சாங்களே. அங்க இருக்கறதெல்லாம் இங்கயும் வருதுன்னு முன்னாடி சீட்டு போடுற பொண்ணு சொல்லிச்சு. அதான் நாங்க ஒண்ணும் சொல்லல."

சிஸ்டர் குப்பியை மேசையில் வைத்தார். அது மேசைக் கண்ணாடியில் பட்ட சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. "என்ன மருந்துன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். அந்த அம்மாவுக்குப் பெயர் தெரியவில்லை. சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். நான் அதற்குள் உடையார்பாளையத்துக்குப் போன் போட்டுவிட்டேன்.

"கரண்ட் இல்ல பாப்பா. இன்னிக்கு ஷட்டவுன். ஒம்போது மணிக்கே நிறுத்திட்டாங்க, சாயந்திரம்தான் வரும்" என்றார் கம்பவுண்டர்.

நான் கொத்தனாரின் ஊரையும் வேலையையும் சொல்லிக் கேட்டேன்.

"அவரா! அவருக்குப் பென்சிலின் ஆவவே ஆவாது. நானும் டாக்டரும் அன்னிக்குப் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். பெரிய எழுத்துல அடிச்சு வச்சிருக்கேனே, பாக்கலியா?"

நான் போனை சிஸ்டரிடம் கொடுத்தேன். அவர் கேட்டுக்கொண்டு, எழுதிக்கொண்டு, டூட்டி டாக்டரிடம் போய் வேறு மருந்து எழுதி வாங்கி வந்தார். புண்ணைக் கழுவி, சீழை எடுத்து, புது ஊசியைப் போட்டு, கால் மணி நேரம் பக்கத்திலேயே நின்று பார்த்தார். கொத்தனார் சாதாரணமாக இருந்தார். மனைவியிடம் தண்ணீர் கேட்டார்.

என்ன நடந்தது என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் புரிந்தது. உடையார்பாளையம் பதில் சொல்லாதபோது என் நிரல் அதை காலிப் பட்டியலாக எடுத்துக்கொண்டது. பட்டியலில் ஒன்றும் இல்லை என்றால் "இல்லை" என்று பச்சையில் எழுதச் சொல்லியிருந்தது நான். கேட்டுப் பார்த்து இல்லை என்று தெரிந்ததற்கும், கேட்கவே முடியாமல் போனதற்கும் திரையில் ஒரே சொல். மூன்று வினாடிக்குப் பிறகு விட்டுவிடு என்று எழுதிய அன்று இது எனக்குத் தோன்றவே இல்லை. மடிக்கணினியை மூடினேன்.

சிஸ்டர் வந்து, "ஏன்டி வெளிறிப் போயிட்ட? அதான் ஒண்ணும் ஆவலியே" என்றார். அவர் நினைத்தது கரண்ட் போனதால் வந்த கோளாறு என்று. அப்படியே நினைக்கட்டும் என்று ஒரு நிமிடம் எனக்கும் ஆசை வந்தது. அந்த ஆசையை இங்கே மறைக்க விரும்பவில்லை. ஷட்டவுன், கரண்ட், நெட் என்று பழி போட அன்று நிறைய இருந்தன.

"இல்ல சிஸ்டர். தப்பு என்னோடது" என்று ஆரம்பித்து முழுவதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. மேடத்துக்கிட்ட நீயே போய் சொல்லு. போன்ல வேணாம், நேர்ல போ. நான் இங்க எல்லாருக்கும் சொல்லிடுறேன், அந்தப் பச்சை எழுத்த யாரும் நம்ப வேணாம்னு" என்றார். உடனே ஒரு பெரிய தாளில் மார்க்கரால், "கம்ப்யூட்டர் இல்லை என்று சொன்னாலும் ஆளைக் கேள்" என்று எழுதித் திரைக்கு மேலே ஒட்டினார். பெரம்பலூருக்கும் போன் செய்து அதையே செய்யச் சொன்னார்.

அரியலூரிலிருந்து பெரம்பலூருக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக எதிரே வந்துகொண்டிருந்தன. என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் நடுவில் ஏதாவது ஒரு சாக்கு நுழைந்தது. பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது, சாக்கில்லாமல் சொல்ல ஒரே ஒரு வாக்கியம்தான் மிச்சம் இருந்தது.

டாக்டரம்மா மதியச் சாப்பாட்டுக்கு உட்காரப் போயிருந்தார். டப்பாவைத் திறந்தவர் நான் சொல்லச் சொல்ல மூடிவிட்டார்.

"எத்தனை நாளா இப்படி?"

"பதினேழு நாள் மேடம்."

அவர் டப்பாவை ஓரமாகத் தள்ளி வைத்தார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். பிறகு, "இந்தப் பதினேழு நாள்ல இதே மாதிரி வேற யாருக்கும் நடந்துருக்குமா?" என்றார்.

அந்தக் கேள்விதான் என்னைக் காலையிலிருந்து அரித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பதில் கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. எந்த ஊர் எந்த நேரத்தில் பதில் சொல்லவில்லை என்பதை ஒரு கோப்பில் எழுதும்படி வைத்திருந்தேன். ஒருநாளும் அதைத் திறந்து பார்த்ததில்லை. அதை அவர் அறையிலேயே திறந்தேன். அந்த நேரங்களில் பெரம்பலூரிலும் அரியலூரிலும் பார்க்கப்பட்ட நோயாளிகள் யார் யார் என்று எடுத்தேன். மாலையில் உடையார்பாளையத்துக்குக் கரண்ட் வந்ததும் அந்தப் பெயர்களை அங்கே கேட்டேன். ஒத்துக்கொள்ளாத மருந்து என்று பதிவு இருந்தவர்கள் கொத்தனாரைத் தவிர நான்கு பேர்.

மறுநாள் காலை எட்டரைக்கே டாக்டரம்மா வந்துவிட்டார். அவரே போன் செய்தார், என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். முதல் ஆளுக்குக் கொடுத்த மருந்து வேறு; பயப்பட ஒன்றும் இல்லை. இரண்டாவது, கல்லங்குறிச்சியில் ஓர் அம்மா, "எனக்கு சல்பா மாத்திரை ஆவாதுன்னு நானே டாக்டர்கிட்ட சொல்லிட்டேன், அவரு மாத்திக் குடுத்துட்டாரு" என்றார். மூன்றாவது ஆள் மருந்தை வாங்கிய கையோடு வீட்டில் வைத்துவிட்டு, கஷாயம் குடித்துக் காய்ச்சல் விட்டுவிட்டதாகச் சொல்லி வெட்கப்பட்டார். டாக்டரம்மா வேறொரு நாளாக இருந்தால் அவரைக் கோபித்திருப்பார். அன்றைக்கு, "ரொம்ப நல்லதுங்க, அந்த மாத்திரைய மட்டும் இனிமே தொடாதீங்க" என்றார்.

நான்காவது ஆளின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வரதராஜன்பேட்டையில் ஒரு டீச்சர். பத்து நாளைக்கு முன்னால் பெரம்பலூரில் பல்வலிக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். உடையார்பாளையப் பதிவில் அதே மாத்திரைக்கு உடம்பெல்லாம் தடித்தது என்று இருந்தது. ஒன்பது மணிக்கு அடித்தோம். ஒன்பதரைக்கு அடித்தோம். பத்துக்கும் அதே குரல்தான், அணைக்கப்பட்டுள்ளது என்று. டாக்டரம்மா வெளியே காத்திருந்தவர்களைப் பார்க்கப் போனார். நான் அந்த நம்பரையே அடித்துக்கொண்டிருந்தேன். மாத்திரை வாங்கிப் பத்து நாள் ஆன ஓர் ஆள் போனை அணைத்துவிட்டு எங்கே இருக்க முடியும் என்று மனம் போன இடத்தையெல்லாம் இங்கே எழுத வேண்டாம்.

கடைசியில் கம்பவுண்டரைக் கூப்பிட்டேன்.

"விலாசம் இருக்கா பாப்பா?"

"தெரு பேருதான் இருக்கு, அண்ணே. பழைய எழுத்து, பாதி புரியல."

"டீச்சரம்மாதானே, கேட்டா சொல்லிடுவாங்க. வண்டி எடுத்துட்டுப் போயிட்டு வரேன். நீ போனைக் கையிலயே வச்சிரு."

ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. மணி அடித்ததும் எடுத்தேன். முதலில் ஒரு பெண் சிரிப்பது பின்னால் கேட்டது.

"நல்லா இருக்காங்க பாப்பா. வூட்டு வாசல்ல ஒக்காந்து வெண்டக்கா நறுக்கிட்டு இருக்காங்க."

"போன்?" என்று மட்டும் கேட்டேன்.

"தண்ணித் தொட்டியில விழுந்துருச்சாம். அரிசி டின்ல போட்டுக் காய வச்சிருக்காங்க, நாலு நாளா. இந்தா, அவங்ககிட்டயே பேசு."

டீச்சர் அந்த மாத்திரையை மருந்துக்கடையில் வாங்கும்போதே உறையைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அவர் பர்ஸில் எப்போதும் ஒரு சீட்டு உண்டாம், எனக்கு ஆகாத மருந்துகள் என்று தன் கையாலேயே எழுதி வைத்தது. "எதுக்கு இவ்வளவு தூரம் ஆளை அனுப்பிச்சீங்க?" என்று கேட்டார். நான் காரணத்தைச் சொன்னேன். "சொன்னீங்களே, அது போதும்மா" என்றார். நான் டாக்டரம்மாவின் அறைக்கு ஓடி, நோயாளி உட்கார்ந்திருந்ததையும் பார்க்காமல், "மேடம், வெண்டைக்காய் நறுக்குறாங்க" என்றேன். அந்த நோயாளி என்னை விநோதமாகப் பார்த்தார். டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இரண்டு நாளில் அவர் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான்.

மருத்துவமனைக்குப் பின்னால் கைகழுவும் இடத்தில் போய் நின்று நான் அழுதேன். அழுது முடித்ததும் பயங்கரமாகப் பசித்தது. முந்தின நாள் காலையிலிருந்து ஒழுங்காக எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பக்கத்துக் கடையில் மூன்று புரோட்டாவும் ஒரு ஆம்லெட்டும் சாப்பிட்டேன்.

திரையைத் திருத்த ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். இப்போது ஓர் ஊர் பதில் சொல்லாவிட்டால் அந்தப் பக்கத்தின் மேலே சிவப்புப் பட்டையில், "உடையார்பாளையம் பதில் சொல்லவில்லை. நோயாளியிடம் கேட்கவும்" என்று வரும். பச்சை "இல்லை" வேண்டுமென்றால் மூன்று ஊரும் பதில் சொல்லியிருக்க வேண்டும். அதோடு, ஒத்துக்கொள்ளாத மருந்துகளின் பட்டியலை மட்டும் தினமும் மூன்று ஊருக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்பி வைக்கும்படி செய்தேன். ஓர் ஊரில் கரண்ட் போனாலும் முந்தின நாள் வரைக்குமான பட்டியல் மற்ற ஊரில் இருக்கும். சிஸ்டர் இன்னொன்று கேட்டார். ஊசி போட்டதாகப் பதிவு செய்வதற்கு முன், "நோயாளியைக் கேட்டீர்களா?" என்று ஒரு கேள்வி வர வேண்டும், அதைத் தாண்டிப் போக முடியக் கூடாது என்றார். அதையும் வைத்தேன்.

டாக்டரம்மா என் வார்த்தையை நம்பவில்லை. அவர் நம்பாததில் எனக்கு நிம்மதிதான். கம்பவுண்டருக்குப் போன் போட்டு, "வயரைப் பிடுங்குங்க" என்றார். பிடுங்கினார். சிவப்புப் பட்டை வந்தது. "மாட்டுங்க" என்றார். பட்டை போனது. அரியலூருக்கும் அப்படியே செய்தார். பிறகு இரண்டையும் ஒரே நேரத்தில் பிடுங்கச் சொன்னார். இரண்டு பட்டைகள் வந்தன. தன் பெயரில் ஒரு பொய்ப் பதிவு போட்டு, தனக்கு ஆகாத மருந்தாக ஒன்றை உடையார்பாளையத்தில் எழுதச் சொல்லி, மறுநாள் வயரைப் பிடுங்கச் சொல்லிவிட்டு, அந்த மருந்து பெரம்பலூரில் வருகிறதா என்று தேடினார். வந்தது. "சரி" என்றார். பிறகு, "அந்த வயசு விஷயம் என்னாச்சு? இன்னும் ஒரு அம்மாவுக்கு ஆறு வயசுன்னு காட்டுது" என்றார். வேலை என்னிடம்தான் இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது அந்தக் கேள்வியில்தான்.

வயதைச் சரிசெய்ய மறுபடியும் அரியலூர் போனேன். கட்டுப் பிரிப்பதற்காகக் கொத்தனார் வந்திருந்தார். அன்று மூலையில் உட்கார்ந்திருந்தது நான்தான் என்று அவருக்கு நினைவில்லை. வீக்கம் வடிந்திருந்தது. சிஸ்டர் புண்ணைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு வாரம் சிமெண்ட்டுல கால வைக்காதீங்க" என்றார்.

"வூட்டுலயே ஒக்காந்து ஒக்காந்து இவ தொல்ல தாங்க முடியல சிஸ்டர்" என்றார் அவர். மனைவி வெளியே பெஞ்சிலிருந்து, "கேக்குது, கேக்குது" என்று குரல் கொடுத்தார்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல் எழுந்து, என் ஸ்டூலைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனார். நடையில் சாய்வு இல்லை.